பதினெட்டாவது நூல்

"இந்தப் பதினெட்டாவது நூல் எங்கேம்மா இருக்கு?"

ஆய்வேட்டின் கடைசியில் இருந்த துணைநூல் பட்டியலில் விரலை வைத்து நெறியாளர் முதுகலை மாணவியைக் கேட்டார். இன்று மாலைக்குள் அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேடு போய்ச் சேரும். இல்லாவிட்டால் ஒரு வருஷம் வீண். கிடைத்திருக்கும் வேலையும் கைநழுவிப் போகும்.

"நூலகத்துல... சார்."

"எந்த நூலகத்துல? நாலு இடத்துல ஆள் விட்டுத் தேடியாச்சு. அப்படி ஒரு புத்தகமும் இல்லை, எழுதினவரும் இல்லை. நீ என்னடான்னா ரெண்டாம் தொகுதி, இருநூற்றுப் பதினாலாம் பக்கம்னு நேர்ல பார்த்த மாதிரி எழுதியிருக்கே!"

கையெழுத்துக்காகப் பின்னால் காத்திருந்த மூன்று மாணவர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் தங்கள் பட்டியலையும் புரட்டிவிடுவாரோ என்ற பயம்.

"உங்களுக்கெல்லாம் ஆராய்ச்சின்னா கிள்ளுக்கீரை. நாங்க ஒரு மேற்கோளுக்காக ராப்பகலாத் தூசியில கிடந்தோம். சொல்லு, அந்தப் புத்தகத்தைக் கண்ணால பார்த்தியா?"

"இல்லை சார்."

"அப்போ இணையத்துல எடுத்தியா?"

"இல்லை சார். ஒரு பழைய ஆய்வேட்டுலேருந்து..."

துறையில் அதுதான் நடைமுறை. பட்டம் வாங்கிய ஆய்வேடு ஒன்றைப் பிடிப்பது, அதன் கடைசிப் பக்கங்களைப் பிரதி எடுப்பது, சந்தேகம் வராமலிருக்க நடுவில் நாலைந்து நூல்களை உருவிவிடுவது.

"அடுத்தவன் பட்டியலை அப்படியே சுட்டுட்டியா? எந்த மடையன் எழுதின ஆய்வேடு அது?"

அவள் தலைகுனிந்தாள்.

"வேண்டாம் சார்."

"என்ன வேண்டாம்? பேரைச் சொல்றியா, இல்ல ஆய்வேட்டைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புறியா?"

இதற்கு மேல் மறைத்தால் பிழைப்பு போய்விடும். மென்று விழுங்கிச் சொன்னாள்.

"உங்க முனைவர் பட்ட ஆய்வேடு சார். நம்பகமான மூலமாப் பார்த்து எடுன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தப் பக்க எண்கூட நீங்க போட்டதுதான்."

மூன்று மாணவர்களும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

நெறியாளர் பேனாவைத் திறந்தார். கேட்ட இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். பிறகு நிமிர்ந்து அந்த மூவரையும் முறைத்தார்.

"என்ன முழிக்கிறீங்க? எங்கே தேடினாலும் கிடைக்காத அரிய நூல் அது! இந்தப் பொண்ணு எவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடிச்சிருக்கா... பார்த்துக் கத்துக்கோங்க!"