பழைய நூல்சேலை

நேற்று வெளியூரிலிருந்து வந்ததும் கூடத்தில் போட்டிருந்த பையைச் செண்பகம் இன்று உதறியபோது, தையலோரம் புளியங்கொட்டை நிறத்தில் ஒன்று ஊர்ந்தது. மூட்டைப்பூச்சியாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே நசுக்கினாள். விரலெல்லாம் ரத்தம்; கூடவே அந்த நாற்றம்.

போன இடத்தில் தங்கிய லாட்ஜின் மெத்தையைக் கண்டு அருவருத்து, தன் பழைய நூல்சேலையை அதன்மேல் விரித்துத்தான் படுத்திருந்தாள். பைக்குள் அந்தச் சேலையைக் காணோம்.

“சொர்ணம், என் பழைய சேலைய எடுத்தியா?”

“மெத்துன்னு இருந்துச்சு மதினி. நேத்தே பிள்ளைக்குத் தூளி கட்டிட்டேன்,” என்றாள் தம்பி மனைவி அடுப்படியிலிருந்து. “ராத்திரியெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு அழுதான். இப்பத்தான் அடங்கியிருக்கான், தொட்றாதீங்க.”

செண்பகம் தன் கைகால்களைத் தடவிப் பார்த்தாள். ஒரு கடிகூட இல்லை. பை கிடந்த இடத்துக்கு நேர்மேலே உத்தரத்தில் தொங்கிய தூளி அசையவில்லை. ரத்தம் படாத கையால் அதன் விளிம்பை விலக்கினாள்.