பன்னிரண்டு அடி

"இந்தக் கரையில ஒரு கைத்துப்பாக்கி வாங்குறதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடும் போலிருக்கு," என்றான் டுவேன்.

காபிக் கோப்பையை மேசையில் வைத்தான், எடுத்தான், குடிக்காமலே மறுபடி வைத்தான்.

லோர்னா நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடம் சிறைக் காவலராக இருந்தவள். ஓய்வுக்குப் பிறகு, நியூயார்க் மாநிலத்தில் துப்பாக்கி உரிமம் கேட்பவர்களுக்குச் சட்டம் சொல்லும் பயிற்சியைக் கொடுக்கிறாள். புலம்பல் அவளுக்குப் பழகிப்போன சத்தம்.

"ஏரிக்கு அந்தப் பக்கம் வெர்மான்ட்ல இருந்தோம் மேடம், போன ஆகஸ்ட் வரைக்கும். அங்க லைசென்ஸும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. இடுப்புல சொருகி மேல சட்டைய இழுத்து விட்டுட்டு எங்க வேணா போகலாம். இங்க என்னடான்னா பதினாறு மணி நேரம் பாடம், நாலு பேர்கிட்ட நல்லவன்னு சான்று, அப்புறம் சுட்டு வேற காட்டணுமாம். கால் மணி நேரம் படகுல வந்ததுக்கு இவ்வளவு தண்டனையா?"

"படகு அடிக்கடி போகுது. திரும்பிப் போயிடலாமே?"

டுவேன் சிரித்தான். பக்கத்தில் அவன் மனைவி நடீன் சிரிக்கவில்லை. விண்ணப்பம் அவள் பெயரில்தான். வகுப்பு முழுக்க அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. எழுத்துத் தேர்வில் மயிரிழையில் தேறியிருந்தாள். முந்தின நாள் முழுக்க டுவேன் உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னானாம்.

"நீங்களே சேர்ந்திருக்கலாமே?" லோர்னா கேட்டாள்.

"எனக்குக் குடுக்க மாட்டாங்க. அது பழைய கதை. அவ பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன? வீடு ஒண்ணுதானே!"

லோர்னா எழுந்து சாவியை எடுத்தாள். "வாம்மா. நீங்க இங்கயே இருங்க. கண்ணாடி வழியா பார்த்துக்கலாம்."

சுடும் தேர்வு எளிது. பன்னிரண்டு அடி தூரத்தில் மனித உருவம் அச்சடித்த தாள். ஐந்து குண்டில் நான்கு உருவத்துக்குள் பட்டால் போதும். போன வாரம் கண்ணில் புரை வளர்ந்த கிழவர் ஒருவர் ஐந்தையும் அடித்துவிட்டுப் போனார்.

"இதுக்கு முன்ன துப்பாக்கி பிடிச்சிருக்கியா?"

நடீன் கண்ணாடிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "ரொம்ப வருஷம் ஆச்சு."

கையைத் தூக்கினாள். வெடவெடவென்று நடுங்கியது. ஒவ்வொரு குண்டுக்கு முன்னாலும் அதே நடுக்கம்.

ஐந்து முடிந்தது. லோர்னா போய்ப் பார்த்தாள். உருவத்துக்குள் ஒன்றுகூட இல்லை. தாளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதைக் கழற்றி மடித்துக்கொண்டாள்.

கண்ணாடி தடதடத்தது. கதவைத் திறந்துகொண்டு டுவேன் தலையை நீட்டினான். "இன்னொரு தடவை விடுங்க மேடம்! ஏய், கண்ணத் தொறந்து சுடுடீ!"

"கதவ மூடுங்க!"

புதுத் தாள். மறுபடி ஐந்து. உருவத்துக்குள் மறுபடி ஒன்றும் இல்லை.

லோர்னா அந்தத் தாளையும் சுருட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அடுத்த தேர்வுக்கு ஒரு பால்பண்ணைக்காரர் காத்திருந்தார். அவருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு கைய நான் பார்த்ததே இல்ல. இந்தக் கையில துப்பாக்கி குடுத்தா முதல்ல சாகப்போறது நான்தான். ஃபெயில்!"

நடீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாவம், இவ்வளவு வேணுமா லோர்னா?" என்றார் பால்பண்ணைக்காரர்.

"உண்மையத்தானே சொல்றேன்?"

டுவேனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க இல்லன்னா இன்னொருத்தர். வேற ஆள்கிட்ட போய்க்கிறோம்."

"தாராளமா. ஆனா இந்த மாவட்டத்துல பயிற்சி குடுக்குற எல்லாருக்கும் இன்னைக்கே போன் பண்ணிடுவேன். இது அவ வேணும்னு பண்றது இல்ல மிஸ்டர், நரம்புக் கோளாறு. திட்டினா சரியாகாது. டாக்டர் சீட்டு இல்லாம எவனும் இவள உள்ள விடமாட்டான்."

ஒரு துண்டுத் தாளில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி நடீனின் கையில் திணித்தாள். எதையும் பார்த்து எழுதவில்லை; மனப்பாடம்.

"நரம்பு டாக்டர். நாளைக்கே கூப்பிடும்மா. நோயாளிய மட்டும்தான் உள்ள விடுவாங்க."

"வண்டி ஓட்டுறது நான்தான்," என்றான் டுவேன்.

"வாசல்ல நில்லுங்க. யார் வேண்டாம்னா?"

"ஒரு வேலைக்கும் லாயக்கில்ல," என்று முனகிக்கொண்டே அவன் வெளியே போனான். நடீன் துண்டுத் தாளைப் பார்த்தாள். லோர்னாவைப் பார்த்தாள். பின்னாலேயே போனாள்.

டிரக் போய்ச் சத்தம் அடங்கும் வரை லோர்னா ஜன்னலோரம் நின்றாள். பிறகு, பெண்கள் காப்பகத்தில் வேலை செய்யும் தோழி மார்ஜுக்குப் போன் செய்தாள்.

"மார்ஜ், நடீன்னு ஒரு பொண்ணு கூப்பிடுவா. கை நடுங்குதுன்னு சொல்லி, நரம்பு டாக்டரான்னு கேட்டா ஆமான்னு சொல்லு. புருஷன் பக்கத்துலயே நிப்பான்."

மறுமுனை ஏதோ கேட்டது.

"கை நடுக்கமா?" என்று லோர்னா திருப்பிக் கேட்டாள்.

லோர்னா இரண்டு தாள்களையும் பிரித்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். இரண்டிலும் உருவத்துக்கு வெளியே, வலது மேல் மூலையில், ஐந்து குண்டும் ஒரே இடத்தில் துளைத்திருந்தன.

"பத்துக் குண்டு சுட்டா மார்ஜ். ரெண்டே ஓட்டை."