பெரியவரின் கடைவாய்ப் பல்

வாயைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் மாஸ்க்குக்குள் எனக்குக் குமட்டியது.

பல் டாக்டரிடம் உதவியாளாக இருப்பவளுக்கு நாற்றம் புதிதா என்ன? ஆனால் இது எங்கள் சபைப் பெரியவரின் வாய்.

தலையில் தொப்பி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கூப்பிடுவதற்கு ஏதோ ஒரு பொய்ப் பெயர். நாற்காலியில் சாய்ந்ததும் கடைவாய்ப் பல்லை விரலால் தொட்டுக் காட்டி, மரத்துப்போகிற ஊசியை நன்றாகப் போடுங்கள் என்று டாக்டரைக் கெஞ்சுகிறார். வெட்கங்கெட்ட மனுஷன்.

ஊசி குத்திய உடம்பில் கடவுள் குடியிருக்க மாட்டார் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் இதுதான்.

காய்ச்சல் வந்தால் முழங்காலில் நிற்க வேண்டும். மாத்திரை விழுங்கி மாட்டிக்கொண்டால் சபை நடுவே நின்று, தொண்டைக்குள் விரலை விட்டு, எல்லோர் முன்னாலும் வாந்தி எடுக்க வேண்டும். சின்ன வயதில் நானும் எடுத்திருக்கிறேன். தலைவலிக்குப் போட்ட ஒரே ஒரு மாத்திரை. பெரியவர் பக்கத்தில் நின்று, இன்னும் வரும், இன்னும் வரும் என்றார். சுற்றி நின்றவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். சீ!

சொந்தக் காலில் நிற்க முடிந்த அன்றே வெளியே வந்துவிட்டேன்.

அம்மாதான் வர மாட்டேன் என்கிறாள். கழுத்தில் கட்டி. இப்போதெல்லாம் தலையைத் திருப்ப வேண்டுமென்றால் தோளையும் சேர்த்துத் திருப்புகிறாள். ஊசி குத்திச் சோதித்தால் என்னவென்று தெரிந்துவிடும், சீக்கிரம் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று போனில் கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பெரியவரே பல்வலியைப் பிரார்த்தனையிலேயே தாங்குகிறாராம். நேற்றுதான் பெருமையாகச் சொன்னாள்.

தாங்குகிற லட்சணத்தை நான் அல்லவா பார்த்தேன். ஊசி முனை ஈறில் பட்டதும் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்கப் பிசுபிசுவென்று வியர்வை. சீழும் ரத்தமும் எச்சிலுமாக வந்ததைக் குழாயால் உறிஞ்சி எடுத்தேன். வந்துகொண்டே இருந்தது.

டாக்டர் பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னேன். மரத்த உதட்டோரமாக எச்சில் தாடியில் வழிந்தது. அதையும் துடைத்துவிட்டேன். என்ன செய்ய, சம்பளம் வாங்குகிறேனே.

அப்போதுதான் என்னை உற்றுப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களே அவருக்குப் போதுமாக இருந்தன.

“அம்மாகிட்ட சொல்லிடாதம்மா,” என்றார், பஞ்சைக் கடித்தபடி குழறிக்கொண்டு.

இத்தனை வருஷம் கழித்து மகளிடம் பேசிய முதல் பேச்சு அது.

ஆமாம், என்னைப் பெற்றவர்தான். அப்பா என்று கூப்பிட எங்கள் வீட்டில் அனுமதி கிடையாது. அவர் எல்லோருக்கும் பொது என்று சொல்லி, என்னையும் பெரியவர் என்றே கூப்பிட வைத்து வளர்த்தார்கள்.

கையுறையைக் கழற்றி வீசினேன். அவர் கண்ணெதிரிலேயே அம்மாவுக்குப் போன் போட்டேன். தொப்பி, கண்ணாடி, ஊசி, என் கையைப் பிடித்தது வரை ஒன்று விடாமல் சொன்னேன். இப்போதாவது கிளம்பி வா, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன். அழட்டும், அழுதுவிட்டுக் கிளம்பட்டும். எந்த ஆஸ்பத்திரிக்கு முதலில் போவது என்றுகூட மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

“எனக்காகத்தான்டி போயிருக்காரு,” என்றாள் அம்மா. அவள் குரல் அவ்வளவு குழைந்து நான் கேட்டதே இல்லை. “எனக்குப் போட வேண்டிய ஊசிய அவரு வாங்கிக்கிட்டாரு. இனிமே எனக்கு எதுக்கு?”