இன்னொரு தடவை சொல்லுங்க

"மாமா இன்னிக்குச் சரியில்லைடி. எல்லாரையும் பிழிஞ்சு எடுக்கறார்" என்று தேர்வறையிலிருந்து வெளியே வந்த தோழி கிசுகிசுத்தாள்.

எக்ஸ்பிரஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேகமாகப் பேசுவதால் மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு அந்தப் பெயர். போன தடவை நாற்காலியில் உட்காரும் முன்பே "உங்களுக்குப் புற்றுநோய்" என்று போட்டு உடைத்துத் தேர்வில் கோட்டை விட்டவள். இன்று பாஸ் பண்ணாமல் திரும்புவதில்லை என்ற வைராக்கியத்தோடு கதவைத் தட்டினாள்.

உள்ளே நோயாளியாக உட்கார்ந்திருந்தவர் ஒரு நாடக நடிகர். கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்ற இந்தத் தேர்வுக்கு வருடா வருடம் நோயாளியாக நடிக்க வருபவர். மாணவர்களுக்கு மாமா. பாதி மதிப்பெண் அவர் கையில், மீதி மூலையில் இருந்த பேராசிரியர் கையில்.

நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, கூட யாராவது வந்திருக்காங்களா?"

"தனியாத்தான் வந்தேன், டாக்டர்."

"ரிசல்ட் வந்திருக்கு. நாம எதிர்பார்த்த மாதிரி இல்லை. சொல்லட்டுமா?"

அவர் தலையசைத்தார். நிதானமாகச் சொல்லி முடித்தாள். அப்பாடா என்றிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் அவர்.

சொன்னாள்.

"நோய் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி நிறுத்தினீங்களே, ஏன்?"

"கேக்கறவங்க மனசைத் தயார் பண்ணிக்கத்தான்."

"ம். மறுபடி."

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. வேண்டுமென்றே படுத்துகிறாரோ? கிழவருக்கு என்மேல் என்ன கடுப்பு? ஆனாலும் விடுவதாக இல்லை. மறுபடி, முதலிலிருந்து சொன்னாள்.

"அழுதா கையைப் பிடிச்சுக்கலாமா?"

"கேட்டுட்டுப் பிடிக்கணும், ஐயா."

மணி அடித்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ பாஸ்மா. நல்லா சொன்னே."

"அப்புறம் ஏன் ஐயா இந்தப் பாடு படுத்தினீங்க?" வாய் முந்திக்கொண்டது.

அவர் குரல் இறங்கியது. "சாயந்திரம் இதையே நான் சொல்லணும்மா. நிஜமாவே, என் சம்சாரத்துக்கு. டாக்டர் அவகிட்ட ஒண்ணும் சொல்லலை. என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க'ன்னுட்டுப் போயிட்டார். எனக்கு வசனம் எழுதிக் கொடுத்தாத்தானே பேச வரும்? காலையிலேர்ந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுக் கேட்டுப் பாக்கறேன்."

அவரைத் திட்டிய மனதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "அடுத்த ஆள் வெளியே நிக்கறாங்க."

"கொஞ்சம் நிக்கட்டும் சார்."

எழுந்தாள். மாமாவையும் எழுப்பித் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். நோயாளியின் நாற்காலியில் போய் அவள் உட்கார்ந்தாள்.

"இப்ப நான் உங்க சம்சாரம். அவசரமே இல்லை. சொல்லுங்க" என்றாள் எக்ஸ்பிரஸ்.