தகரச் செலவுக் கோப்பு

"கோப்ப எடுத்துகினு போற ஆடிட்காரங்ககிட்ட யாரு சார் கையெழுத்து கேப்பா? எமன்கிட்ட ஐடி கார்டு கேக்குற மாதிரி இல்ல?"

சொல்லிவிட்டு ஜீனத் சிரிக்கவில்லை. எதிரே பரத்தும் சிரிக்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தான்.

ஜீனத் அந்த நகராட்சியின் கணக்கர். உள்ளூர்க்காரர். முப்பத்தைந்து வருடமாக இங்கே வேலை பார்க்கிறவர். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு. பரத் தணிக்கை ஆய்வாளர். பத்து நாள் தணிக்கையில் இன்று கடைசி நாள்.

எந்த அலுவலகத்திலும் கடைசி நாளுக்கென்று தீராத ஒரு தணிக்கைத் தடை மிச்சம் இருக்கும். இங்கே மிஞ்சியது தகரம்.

தொற்றுக் காலத்தில் தெருக்களை அடைக்க வாங்கிய தகரமும் சவுக்குக் கட்டையும். நான்கு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய். பணம் போனதற்குப் பதிவேட்டில் சாட்சி உண்டு. பில்கள் இருந்த கோப்பைத்தான் காணோம்.

'அடுத்த தணிக்கையில் காட்டப்படும்' என்று வருடா வருடம் ஜீனத் பதில் எழுதினார். வருடா வருடம் யாரோ ஒரு ஆய்வாளர் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டார். இரு தரப்புக்கும் அது பழகிப்போன மரியாதை.

ஓய்வு பெறுகிறவருக்கு அடுத்த தணிக்கை கிடையாது.

'பொறுப்பாளரிடமிருந்து வசூலிக்கத்தக்கது' என்று இன்று பரத் எழுத வேண்டும். எழுதினால் அந்தத் தொகை முழுவதும் ஜீனத்தின் பணிக்கொடையிலிருந்து போய்விடும். 'வசூலி' வரை எழுதியிருந்தான்.

"தெருவ அடச்சது பொய் இல்ல சார். எங்க தெருவையே அடச்சாங்க. பால் பாக்கெட்ட தகரத்துக்கு மேல தூக்கிப் போடுவான், நாங்க இந்தப் பக்கம் புடிப்போம்."

"தெரியும் மேடம். ஆனா வவுச்சர் இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த அறைக்கு ஒரு ஜன்னல் இருந்திருக்க வேண்டும். அது இருந்த இடத்தில் இப்போது உச்சிவரை கோப்புக் கட்டுகள். மேசைக்குப் பின்னால் பரத்துக்கு மூன்று பக்கமும் சுவரும் கட்டுகளும் முட்டிக்கொண்டு நின்றன. மீதமிருந்த ஒரு பக்கத்தில் கதவு. கதவை ஒட்டி நாற்காலி போட்டு ஜீனத் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்தால்தான் பரத் வெளியே போக முடியும்.

கதவு நாற்காலியில் இடித்தது. பாதி திறந்த இடைவெளியில் அலுவலக உதவியாளர் கஜபதியின் கை மட்டும் வடைத் தட்டோடு உள்ளே வந்தது.

"இன்னா சார், காலைல வச்ச காபியே அப்டியே கீது? ஆடிட்டுன்னா எங்களுக்கு ஊட்டு மாப்ள மாரி சார். மாப்ள துன்னாம குந்திகினு இருந்தா பொண்ணு ஊட்டுக்காரனுக்கு வவுறு கலக்கும்ல?"

"வச்சிட்டுப் போ கஜபதி" என்றார் ஜீனத்.

கை தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டது. கதவு மறுபடி மூடிக்கொண்டது.

"கொரோனா அப்ப ஆடிட்டுக்கு நாலு பேர் வந்தாங்க சார். ஒருத்தருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலா ஒரு தம்பி ரெண்டே நாள் வந்தாரு. ஆபீஸ நாலு மணிக்கே பூட்டிருவாங்க. கோப்ப ஊட்டுல வச்சுப் பாத்துட்டு நாளைக்குக் கொண்டாறேன்னு எடுத்துகினு போனாரு. அதோட வரல. உங்க ஆபீஸ்ல கேட்டா, லிஸ்ட்டுல இல்லாத ஆளு எப்டிம்மா வந்திருப்பான்னு என்னையே கேக்குறாங்க."

"பேரு?"

"எங்க கேட்டேன்? தம்பி தம்பின்னுதான் கூப்ட்டேன். அந்தத் தகர பில்லுங்கள நானே வரிசையா அடுக்கி, கயிறு கட்டிக் குடுத்தேன்."

பேனா 'வசூலி'யிலேயே நின்றிருந்தது. மை தாளில் ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

"மாஸ்க் போட்டிருந்தாரு சார். கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுது."

அம்பத்தூரில் ஏறினால் திருமுல்லைவாயில் அடுத்த நிலையம். ஐந்து நிமிடம். அன்றைக்கு அந்தப் பெட்டியில் வேறு யாருமே இல்லை. ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கை பெருக்கல் குறி ஒட்டியிருந்தார்கள். உலகத்தில் மீதமிருக்கும் ஒரே ஆள் போலப் பரத் வாசலில் நின்று, முகக்கவசத்தைக் கழற்றிக் காற்று வாங்கினான். இறங்கிப் படியேறியபோது கைகள் லேசாக இருந்தன. ஏன் லேசாக இருக்கின்றன என்று அவனுக்கு உறைத்தபோது, மேல்பலகையில் கோப்போடு ரயில் ஆவடிப் பக்கம் போய்விட்டிருந்தது.

மூன்று நாள் ஆவடி நிலையத்தில் போய்க் கேட்டான். அவன் வேலைக்குச் சேர்ந்து அப்போது நான்கு மாதம். நான்காவது நாள் கேட்பதை நிறுத்தினான். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. போனில் சொல்லி அவனை அனுப்பிய காய்ச்சல்காரர் திரும்பி வரவில்லை. எந்தத் தாளிலும் இவன் பெயர் ஏறவில்லை.

இந்த நகராட்சி வேண்டாம் என்று ஐந்து வருடமாக ஏதேதோ காரணம் சொல்லித் தப்பித்து வந்தான். இந்த வருடம் காரணங்கள் தீர்ந்துபோயின.

பத்து நாளாகப் பதிவேட்டைப் பார்த்தே பேசினான். பதிவேட்டைப் பார்த்தே வணக்கம் சொன்னான். கண்டிப்பான ஆபீசர் என்று அலுவலகம் முழுக்கப் பேர் வாங்கியிருந்தான்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேசை விளிம்பில் ஜீனத்தின் இரண்டு கைகளும் வந்து ஊன்றின.

"சார்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "கொஞ்சம் நிமிந்து பாருங்க சார்."