இடப்பக்கம் கேட்டது

முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கிசுகிசுப்பாக ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார் டாக்டர் செலின். நல்ல நுரையீரல் அதை விழுங்கிவிடும். வெறும் முணுமுணுப்புதான் காதுக்கு வரும். நோய் இறுகிக் கிடக்கும் இடத்தில் மட்டும் எழுத்தெழுத்தாகக் கேட்கும். எந்தச் சொல் என்பது நோயாளியின் இஷ்டம். பெரும்பாலும் சாமி பெயர் வரும்.

பீடி சுற்றும் முப்பிடாதி வெகுநேரம் யோசித்தாள். வெளியே யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் உதட்டை அசைத்தாள். இடப்பக்க அடிமுதுகில் டாக்டருக்கு அது தெளிவாகக் கேட்டது.

"தளவாய் யாரு?"

முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் திகைத்துப்போய், "நாந்தாம்மா," என்றான். "கட்டி முப்பது வருசம் ஆச்சு. எம்பேரு இவ வாயில வந்ததே கெடையாது. ரேஷன் கடையில கேட்டாக்கூட கார்டத்தான் நீட்டுவா." கொஞ்சம் தயங்கினான். "நானும் ஒருக்க கேக்கட்டுமா?"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அவன் காதில் மாட்டிவிட்டு, அதே இடத்தில் வைத்துக் காட்டினார். தளவாய் கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னொருக்க சொல்லு."

சொன்னாள். அவன் பெருமூச்சு விட்டான். பிறகு அவனாகவே அதை வலப்பக்கம் நகர்த்தினான். அவள் மறுபடியும் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது.

"இந்தப் பக்கம் ஒண்ணும் வெளங்கல. இங்கதான் சீக்கு போல," என்றான். "இதச் சரிபண்ணிருங்க டாக்டரம்மா. அந்தப் பக்கம் மாதிரியே கேக்கணும்."