சுற்று வழி

“இதைவிட நேரம் கூடுதலா ஆகுற வழி ஏதாவது இருக்கா மேடம்?”

எதிரே உட்கார்ந்திருந்தவர் இப்படிக் கேட்டதும், கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன. பதினோரு வருடமாக விமான டிக்கெட் போடுகிறாள்; இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. எவ்வளவு தூரத்து ஊராக இருந்தாலும் ஒரு மணி நேரமாவது மிச்சப்படுத்திக் கொடுத்துவிடுவாள் என்பதால், ஆபீசில் அவளுக்குப் பெயரே ‘குறுக்கு வழி அக்கா’.

“சார், பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நேர் விமானத்துல பதினாறே மணி நேரம். ஒரு தூக்கம் போட்டு எழுந்தா ஊர் வந்துடும்.”

“அதான் வேண்டாங்கிறேன்.”

பக்கத்து நாற்காலியில் அவருடைய ஆறு வயது மகள் காலை ஆட்டியபடி, ஆடுகிற முன்பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“சரி, நடுவுல ஒரு ஊர்ல இறங்கி மாறினா இருபத்தஞ்சு மணி நேரம்.”

“ரெண்டு ஊர்ல மாறினா?”

கஞ்சப் பேர்வழி போலிருக்கிறது, காசு மிச்சம் பிடிக்கக் குழந்தையை அலைக்கழிக்கப் பார்க்கிறார் என்று அவளுக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றே இருப்பதிலேயே மோசமானதைத் தேடி எடுத்தாள்.

“நாற்பத்து மூணு மணி நேரம் சார். ஒரு ஏர்போர்ட்ல மட்டும் பதினோரு மணி நேரம் தேவுடு காக்கணும். விலையும் இதுதான் ஜாஸ்தி.”

“பரவாயில்ல, அதையே போடுங்க. பக்கத்துப் பக்கத்து சீட்டா இருக்கணும்.”

“அப்பா, அதுக்குள்ள என் பல்லு விழுந்துடுமா?”

“விழுந்துடும்டா கண்ணு. அப்பா பத்திரமா எடுத்து வெச்சுக்கிறேன்.”

கஞ்சப் பேர்வழியும் இல்லை என்றால் என்னதான் கணக்கு இது? அவளுக்குப் பிடிபடவில்லை.

“செவ்வாய்க்கிழமை கிளம்புங்களேன் சார், கூட்டம் இருக்காது.”

“இல்ல, ஞாயித்துக்கிழமையே கிளம்பியாகணும்.”

“நல்லா இருக்கே! கிளம்ப அவ்வளவு அவசரம், போய்ச் சேர அவசரமே இல்லையா? அங்க யாரு சார் இருக்கா?”

“எங்கம்மா!” சிறுமி முந்திக்கொண்டாள். “எனக்குத் தனி ரூம் கூட இருக்கு!”

“பாத்தீங்களா? வீட்டுக்காரம்மா வழிமேல் விழி வெச்சுக் காத்துக்கிட்டு இருப்பாங்க. நீங்க ஊரைச் சுத்திட்டு ஆடி அசைஞ்சு போறேங்கறீங்க!”

அவர் குனிந்து மகளின் ஷூ லேசை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். கட்டி முடித்த பிறகும் நிமிர நேரமானது.

பாவம் அந்த அம்மா என்று நினைத்துக்கொண்டே அவள் இருவர் பெயரையும் தட்டினாள்.

“திரும்பி வர்றதுக்கும் இதே சுத்து வழிதானா? ரெண்டு பேருக்கும் போட்டுடட்டுமா?”

“பாப்பா, வாசல்கிட்ட பெரிய பூமி உருண்டை இருக்கு பாரு. போய்ச் சுத்தி விளையாடு.”

சிறுமி ஓடினாள். அவள் உருண்டையில் கை வைக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“வரும்போது நேர் விமானமே போதும் மேடம். எனக்கு மட்டும். இனிமே அவ அவங்கம்மாகூடத்தான். ஞாயித்துக்கிழமை இவளைக் கூட்டிட்டுக் கிளம்பிடணும்னு கோர்ட்டுல உத்தரவு போட்டுட்டாங்க. எப்ப போய்ச் சேரணும்னு எழுத மறந்துட்டாங்க.”